கம்பெனிப் பையோடு கப்பல் ஏறப் போனேன்

கப்பலில் தனியாக உல்லாசப் பயணம் போகிறவர்களே, முதலில் புதுப் பை ஒன்று வாங்குங்கள்.

ஊர்க்காரன் முகத்தையே கொஞ்ச நாள் பார்க்கக் கூடாது என்று சிவகாசியிலிருந்து தனியாகக் கிளம்பிய நான், என் பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் தூக்கிப்போகும் பையிலேயே துணிகளை அடைத்துக்கொண்டேன். சென்னைத் துறைமுகத்தில் சோதனை அதிகாரி அந்தப் பையைத் துணியால் துடைத்து, துணியை மெஷினில் வைத்தார். மெஷின் அலறியது.

“வெடிமருந்து,” என்றார்.

“வெறும் தூசி சார். எங்க ஊர்ல எல்லார் பையிலயும் இருக்கும்,” என்று இளித்தேன்.

அவர் இளிக்கவில்லை. கப்பலை மறந்துவிடச் சொன்னார்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. சுவர்த் தகராறில் என்மேல் கேஸ் போட்டிருக்கும் பக்கத்துக் கம்பெனி முதலாளி, குடும்பத்தோடு வரிசையில் நின்றிருந்தார்.

“சார், இவரு சிவகாசி பக்கத்துல எங்க நாரணாபுரத்துப் பட்டாசுக்காரருதான். இவரு போடுற வெடி தீபாவளிக்கே வெடிக்காது. கப்பல்லயா வெடிக்கப் போகுது?”

வரிசையே சிரித்தது. அதிகாரி எங்கள் இருவரின் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பையைப் பிடுங்கிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்.

“நன்றி கின்றி சொல்லிராதீக. கேஸ் கேஸ்தான்,” என்றார் முதலாளி.

“நான் சொல்லவே இல்லையே,” என்றேன்.

கப்பலில் எங்கே பார்த்தாலும் இருவரும் முறைத்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் என்னைத் தெரிந்த ஒரே முகம் அது. ஒருநாள் அவரைச் சாப்பாட்டு மேசையில் காணாமல் தேடினேன் என்பதை மட்டும் கோர்ட்டில் சொல்ல மாட்டேன்.