அடைத்த வாசல்

எழுமலைக்குப் போகும் டவுன்பஸ்ஸில் இடப்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் அந்த அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர் தெரியும். பழைய சுவரின் நடுவே ஒரு வாசல் அகலத்துக்கு மட்டும் பூச்சு வேறு நிறத்தில் இருக்கும். முன்பு அங்கே கேட் இருந்தது. அதை அடைத்தவர் ஒரு கொத்தனார். அடைக்கச் சொன்னவர் அவருடைய மனைவி. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

அப்போது நான் அந்த ஊருக்கு வி.ஏ.ஓ. கொத்தனாரின் மனைவியை ஊரே தலைவியக்கா என்றுதான் கூப்பிடும். பெற்றோர்களைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவர் தலைவி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பள்ளியில் குழாய் உடைந்தால்கூட மண்வெட்டியோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் கேட்டதில் ஒருநாளும் தப்பு இருந்ததில்லை. அவருடைய கணவர் குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எப்படி விட்டார் என்று ஒருமுறை கேட்டேன். "மனசு மாறியா விட்டாரு? போங்க சார். குடிக்கணும்னா உசிலம்பட்டிக்குப் போகணும். பஸ்ஸு வாரதுக்குள்ள நான் போயிச் சட்டையப் புடிச்சிருவேன்ல" என்று சிரித்தார். அந்தக் குடும்பம் பிழைத்துக் கிடந்ததே அந்த பஸ் தூரத்தில்தான்.

உசிலம்பட்டி நெடுஞ்சாலையோரம் இருந்த ஒயின்ஷாப்பை எடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கு எதிர்ச்சாரியில் ஒரு தகரக் கொட்டகையில் வைக்கப்போவதாகப் பேச்சு கிளம்பியது. இடத்தை அளந்து அறிக்கை அனுப்பச் சொல்லி எனக்கு ஓலை வந்தது. விதி இதுதான்: பள்ளிக்கும் கடைக்கும் நடுவே நூறு மீட்டராவது இருக்க வேண்டும். அதைச் சுவரிலிருந்து நேராக அளக்கக் கூடாது. ஆள் நடந்து போகிற வழியில், வாசலுக்கு வாசல் அளக்க வேண்டும். ரோட்டைப் பார்த்த கேட்டிலிருந்து கொட்டகைக்கு நாற்பது மீட்டர்கூடத் தேறாது. கடை வர வழியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

அளப்பதற்கு முந்தின சனிக்கிழமை பள்ளிப் பக்கம் போனால், கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கொத்தனார் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவியக்கா சாந்துச் சட்டியோடு நின்றார். தலைமையாசிரியையிடம் பேசி அனுமதி வாங்கியாயிற்றாம். "கடை வந்தாலும் வரட்டும் சார். நம்ம பிள்ளைக அந்தக் குடிகாரப் பயலுக மூஞ்சியில முழிக்க வேணாம். இனி பின்வாசல் வழியாப் போகட்டும். எப்படி சார், நல்லாருக்கா?" என்று கேட்டார்.

மனசுக்குள் வழியை அளந்து பார்த்தேன். பின்வாசலிலிருந்து ஓடையைச் சுற்றி நடந்தால் நூறு மீட்டரை எளிதாகத் தாண்டிவிடும். கடை வராமல் தடுத்துக்கொண்டிருந்த ஒரே வாசலை அவர்களே அடைக்கிறார்கள். 'அக்கா, நிறுத்துங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், அளவு முடிகிற வரைக்கும் ஊருக்குள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். மதுரைக்கு மாறுதல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில் கிடந்தது. "நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன். கொத்தனார் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விடவில்லை.

திங்கட்கிழமை அளந்தோம். பின்வாசலில் டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. "குடுங்க சார், நான் புடிக்கிறேன்" என்று தலைவியக்காவே வாங்கிக் குனிந்து பிடித்தார். எதற்கு அளக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கேட்டை அடைத்ததால் அந்த அளவே மாறிவிடும் என்றுதான் தெரியாது. நூற்று நாற்பது மீட்டருக்கு மேல் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். கடை திறந்தது. கலெக்டர் ஆபீசுக்கு அவர் நடையாய் நடந்து கொடுத்த மனுவுக்கு, 'பள்ளி வாசலிலிருந்து உரிய தூரத்தில் உள்ளது' என்று பதில் வந்தது. கொத்தனாருக்கு இப்போது பஸ் தேவைப்படவில்லை. ரோட்டைத் தாண்டினால் கடை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, பட்டப்பகலில் போதையோடு சாரத்தில் ஏறி விழுந்து செத்துப்போனார்.

வாரிசுச் சான்றுக்குத் தலைவியக்கா என்னிடம்தான் வந்தாக வேண்டும். வந்தார். காகிதங்களை வைத்துவிட்டு, "செவரு கட்டுன அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். அவ்வளவுதான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

நான் கேட்ட மாறுதல் கிடைத்து, இப்போது மதுரை தல்லாகுளத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். புதுத் தலைமையாசிரியர் அந்த இடத்தை இடித்து மறுபடியும் கேட் வைக்க நினைத்தாராம். தலைவியக்கா விடவில்லையாம். வழியில் அவரையே பார்த்தேன். கேட்காமலேயே சொன்னார்: "அவரு நிதானத்துல கட்டுன கடைசிச் செவரு சார் அது. இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். எதிரே கடையில் கூட்டம். அடைத்த வாசலில் ஒரு விரிசல்கூட விழவில்லை. நல்ல வேலைக்காரர்.