மெர்காதாவின் நீலக் கறை

மெர்காதா என்றால் எங்கள் பேச்சில் வாங்கப்பட்டவள் என்று அர்த்தம். குழந்தையாக இருக்கையில் அவள் சாகக் கிடந்தபோது, சாவை ஏமாற்றுவதற்காகப் பெற்றவளே அவளைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றாளாம். அன்றிலிருந்து அதுதான் பெயர். ஏமாற்றிப் பிழைத்த உயிர் என்பதாலோ என்னவோ, பொய் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

சஃபேத் ஊரில் அவள் வெளுக்காத வெள்ளையங்கி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்க வயல் பக்கம் போகும் யூத ஞானிகள் அத்தனை பேரும் அவள் வெளுத்ததைத்தான் உடுத்துவார்கள். நான் சாயக்காரன். இருவருக்கும் ஒரே முற்றம். என் அவுரி நீலத் தொட்டிக்குப் பத்தடியில் அவள் வெள்ளாவிப் பானை. சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"என் கயித்த யாரு அவுத்தது, அக்கா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தொட்டியில சாம்பல் விழுந்திருக்கே?"

"எனக்கு என்ன தெரியும்?"

முப்பது வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது.

அவளுடைய மகள் பலோமாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் எட்டு நாள் தாண்டவில்லை. நாலாவதாகப் பிறந்த நிஸ்ஸிம் மட்டும் தக்கினான். அவன் கழுத்தில் தாயத்துபோலச் சின்னத் தோல்பை ஒன்று தொங்கும். அதற்குள் என்ன என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

நிஸ்ஸிமுக்கு இரண்டு வயதானபோது ஞானி எல்நாதான் இறந்துபோனார். இருபது வருஷமாகச் சீடர்களுக்குக் கடவுளிடம் ஏறும் வழியை ஒவ்வொரு படியாகக் காட்டிக்கொண்டு போனவர். மொத்தம் பத்துப் படி, அதற்கு மேலே முடிவில்லாதவன். மேலே என்ன என்று கேட்டால், "எழுதி வைக்கிறேன்" என்பாராம். அந்தக் காகிதத்துக்காகவே சீடர்கள் காத்திருந்தார்கள். துக்கத்தின் ஏழு நாள் முடிந்ததும் மூத்த சீடன் யோம்தோவ் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். பெட்டி, மெத்தை, புத்தகம் ஒன்றிலும் அது இல்லை. கடைசியில் எங்கள் முற்றத்துக்கு வந்தான்.

"அம்மா, ஐயாவோட அங்கியில எப்பவாவது காகிதம் கிடந்துச்சா?"

வழக்கமான பதிலை எதிர்பார்த்து நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அது வரவில்லை. அவள் மடியில் இருந்த பேரனைப் பார்த்தாள்.

"இவன் கழுத்துல இருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானியின் காகிதத்தைத் திருடியிருக்கிறாள்.

"பலோமா வயித்துல இவன் இருந்தப்ப கெடச்சுச்சு. பெரியவர் எழுதுனது, காப்பாத்தும்னு எடுத்துக்கிட்டேன். காப்பாத்திடுச்சு. கழட்டுனா போயிடுவான்யா."

"ஐயா உங்ககிட்டக் கேக்கலையா?"

"கேட்டாரு. வழக்கமா சொல்றதத்தான் சொன்னேன். சிரிச்சிட்டே போயிட்டாரு."

"கழட்ட வேணாம். கழுத்துல இருக்கும்போதே பிரிங்க, படிச்சிட்டுத் தந்துடறேன்."

அவளே தையலைப் பிரித்தாள். பையன் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். யோம்தோவ் குனிந்து படித்தான். முகம் வெளிறிவிட்டது.

"மாத்திட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"மாத்துறதுக்கு எனக்கு எழுத்து தெரியுமாய்யா?"

அவன் மறுபடி படித்தான். "ஐயா கையெழுத்துதான்" என்று முனகினான். பிறகு எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"பத்துப் படியும் ஏறினேன். அதற்கு மேல் யார் என்று கேட்டேன். என் அங்கியின் நீலக் கறை எப்படி வந்தது என்று கேட்டபோது, வெளுக்கிறவள் ஒரு பதில் சொன்னாள். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை: எனக்கு என்ன தெரியும்."

அவ்வளவுதான். பின்பக்கம் வெறுமை. யோம்தோவ் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். இருபது வருஷப் படிப்பு, கடைசியில் எங்கள் முற்றத்துச் சண்டைப் பேச்சு. எனக்கே பொறுக்கவில்லை, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மெர்காதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது பொய்யி."

"எது?"

"நான் சொன்னது. இந்தச் சாயக்காரன் கொடியில கெடந்த நீலத் துணிய பலோமாவுக்குன்னு உருவிட்டேன். அவசரத்துல அங்கியோட சேத்து ஊறப் போட்டுட்டேன். கறை எப்படி வந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அந்தத் துணியை ஆறு மாதம் தேடியவன் நான்.

"என் பொய்யத்தானா ரெண்டு வருஷமா இவன் கழுத்துல கட்டி வச்சிருந்தேன்?" என்றவள் பையனை இழுத்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவன் இன்னொரு பழம் கேட்டு அழுதான்.

யோம்தோவ் பையனைப் பார்த்தான். பிறகு கேட்டான். குத்தலாக இல்லை, கேட்க வேறு ஆள் இல்லாதவன்போலக் கேட்டான்.

"காகிதத்துல இருந்தது பொய்யின்னா, இவன எது காப்பாத்துச்சும்மா?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், என்னைக்கூடப் பார்த்தாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள். முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அதைப் பொய்யில்லாமல் சொல்லிக் கேட்டேன்.

யோம்தோவ் காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினான்.

"தைச்சிடுங்கம்மா."