தும்புத்தடி அக்கா

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் மனைவிக்கு இன்னொரு பெயர் உண்டு: தும்புத்தடி அக்கா. வைத்தவன் நான்தான். வாயால் வைக்கவில்லை, படம் கீறி வைத்தேன்.

மரக்கறிக் கடை வாசல்களில் அடுக்கிக் கிடக்கும் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில், மரண அறிவித்தல்களுக்கு அடுத்த பக்கத்தில், கிழமைக்கு ஒருமுறை நாலு கட்டத்தில் ஒரு நாய்க் கதை வரும். பல வருடமாக வருகிறது. ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு மகள், ஒரு நாய். முதல் கட்டத்தில் நாய் ஏதாவது குழப்படி செய்யும். கடைசிக் கட்டத்தில் அம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு துரத்துவாள். அப்பா நாயைத் தன் இடுப்புச் சாரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு அப்பாவியாக நிற்பார். சனம் முதலில் ஆர் செத்தது என்று பார்க்கும், பிறகு என் நாயைப் பார்த்துச் சிரிக்கும். அதில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

உண்மைக் கதை வேறு. புறநகரான பொண்டியில் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது மகளால். பள்ளிக்கூட நாட்களில் அழுது அடம்பிடித்து, காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு நாயைக் கொண்டுவந்தாள். வந்த கிழமையே அது என் புதுத் தோல் சப்பாத்தைக் கடித்துக் குதறிப்போட்டது. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. குசினி மூலையில் நின்ற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் துரத்தினேன். நாய் மேசைக்குக் கீழே புகுந்தது. குறுக்கே வந்து நின்றவள் மனைவி.

"அடிக்கிறதெண்டால் எனக்கு அடியுங்கோ" என்றாள்.

அதைத்தான் முதல் படமாகக் கீறினேன். நான் வேலை செய்வது பஜோல் தெருப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில். கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை எல்லாம் அடிப்போம். பத்திரிகையும் அதன் பின்னறையில்தான் தயாராகும். ஆசிரியர் என் பென்சில் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அண்ணை, மனுசன் தடியோட நிண்டால் பொலிஸ் கேஸ் மாதிரிக் கிடக்கு. மனுசியிட்டக் குடுங்கோ, சனம் சிரிக்கும்" என்றார். அழிறப்பரை எடுத்தேன், தடியைக் கைமாற்றினேன். வீட்டில் முரடன், பத்திரிகையில் சாது. ஆருக்குக் கசக்கும்?

அதோடு விட்டேனா? படத்து அம்மாவுக்கு மனைவியின் வட்ட முகம், கண்ணாடி, கொண்டை எல்லாவற்றையும் அப்படியே கொடுத்திருந்தேன். வேறு முகம் எனக்குக் கீற வராது.

தொடக்கத்தில் அவளும் சிரித்தாள். "என்ர யேசுவே, நல்லாத்தான் கதையை மாத்திப்போட்டியள்" என்றாள். பிறகு நாங்கள் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால், மரக்கறிக் கடைக்காரத் தம்பி தூரத்திலேயே கண்டு, "தும்புத்தடி அக்கா வாறா, நாயைப் பிடிச்சு ஒளியுங்கோ!" என்று கத்துவான். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவள் முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வாள்.

பிறகு ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் அவளுடைய கையைப் பிடித்தாராம். பகிடிக்கல்ல, உண்மையான கவலையோடு. "பிள்ளை, வாயில்லாச் சீவன், பாவம். அடியாதையம்மா" என்று சொன்னாராம். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "பகிடியைப் பகிடியா எடுமப்பா" என்றேன்.

"பகிடி விடுறது நீங்கள். சனத்துக்கு முகம் குடுக்கிறது நான்" என்றாள். "ஒருக்கா, ஒரேயொருக்கா, அந்தத் தடியை என்ர கையிலயிருந்து எடுத்துவிடுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

ஓம் என்றேன். அடுத்த கிழமையும் தடி அவளுடைய கையிலேயே இருந்தது. தடி இல்லாமல் கடைசிக் கட்டத்தைச் சிரிப்பாக முடிக்க எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே இழுத்தடித்தேன். அவள் தமிழ்ப் பூசைக்குப் போவதை விட்டாள். பொண்டித் தேவாலயத்திலேயே பிரெஞ்சுக்காரரோடு பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வந்தாள். லா சப்பலுக்கு வருவதையும் விட்டாள். கத்தரிக்காயும் கருவேப்பிலையும் நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். சொந்தச் சனத்திலிருந்து அவளை நான் படம் படமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கீறினேன்.

மகள் படிக்க லியோனுக்குப் போன பிறகு நாய் முழுக்க மனைவியின் பொறுப்பானது. பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் அவளுக்கு வேலை. விடிய எழும்பி நாயை நடத்திவிட்டுத்தான் போவாள். அதற்குச் சிறுநீரகம் பழுதானபோது உப்பில்லாமல் கோழியும் சோறும் அவித்து, குளிசையைப் பொடியாக்கிக் குழைத்து, தன் கையால் ஊட்டினாள். நான் பக்கத்து அறையில் இருந்து, அவள் அதே நாயைத் துரத்துவதைக் கீறிக்கொண்டிருந்தேன். என்னைப் போல வெட்கம் கெட்டவன் ஊரில் உண்டா?

பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள் ஒன்றில் நாயால் எழும்ப முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மிருக வைத்தியரிட்ட என்னோட வாங்கோ. தனிய எனக்கு ஏலாது" என்றாள்.

"படம் குடுக்கவேணுமப்பா. நீர் கொண்டுபோய்க் காட்டும். ஊசி போட்டால் சரிவரும்."

கடைக்கு இழுத்துப்போகும் சக்கரப் பைக்குள் பழைய விரிப்பை வைத்து, அதற்குள் நாயை இருத்தினாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. யன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பில் ஒரு கையால் பையையும் மறுகையால் நாயின் தலையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேசைக்குத் திரும்பினேன்.

அவள் வந்தபோது தும்புத்தடியின் தும்புகளுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். சக்கரப் பை பாரமில்லாமல் படியில் துள்ளித் துள்ளி ஏறும் சத்தம் கேட்டது. உள்ளே விரிப்பு மடித்து வைத்திருந்தது. அவள் மேசையில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள், குசினிக்குப் போனாள். சட்டியில் இருந்த உப்பில்லாத கோழியை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. பின்னால் போய் நின்று, "இந்தக் கிழமை உண்மையைக் கீறுறன். உம்முடைய மடியில அது போனதை..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம்." திரும்பாமலே சொன்னாள். "இவ்வளவு காலமும் அடிச்சவள், செத்தாப்பிறகு அழுதால் நாடகமெண்டு சொல்லுவினம். அந்த அழுகை எனக்கு. அதையும் கீறிப்போடாதேங்கோ."

அவளுடைய அழுகையைத் தொடவில்லை. அன்றைய படத்தைக் கிழித்துப்போட்டு, சப்பாத்து, மேசை, குறுக்கே நிற்கும் பெண், தடியோடு நான் என்று நாலு கட்டத்தையும் கீறினேன். கீழே, "உண்மையில் நடந்தது இதுதான். இந்த நாயை அடிக்கப் போனவன் நான். காப்பாற்றியவள் என் மனைவி. நாய் இறந்துவிட்டது. இதுவே கடைசிப் படம்" என்று எழுதினேன். ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

பத்திரிகை வந்த அன்று, அடியோ திட்டோ வாங்கத் தயாராகத்தான் லா சப்பலில் இறங்கினேன். மரக்கறிக் கடைக்காரத் தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தான். "அண்ணை, அக்காவைக் காப்பாத்த எல்லாப் பழியையும் உங்கட தலையில போட்டிட்டியள். ஆர் செய்வினம் இப்பிடி?"

"இல்லையடா தம்பி, சத்தியமா நான்தான் அடிக்கப் போனனான்" என்றேன்.

"பாத்தியளோ, இப்பவும் விட்டுக்குடுக்கிறாரில்லை" என்று கடையில் நின்றவர்களுக்குச் சொன்னான். கறிமிளகாய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இப்பிடி ஒரு மனுசன் கிடைக்க அவ குடுத்துவைச்சவ" என்றாள். நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு நல்லவனானேன். தம்பி காசுகூட வாங்காமல் கத்தரிக்காயைப் பையில் போட்டுவிட்டான்.

வீட்டில் மனைவி பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"சனம் என்னவாம்?"

"உம்மைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப உங்களைப் பற்றி நல்லாச் சொல்லியிருக்கினம்" என்றாள்.