அத்தையைப் புனிதையாக்கியவர்கள்

ஸட்ஃபென் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பெனோ வைலுக்கு, தன் அத்தை பேரில் நடந்த ஆராய்ச்சி மையத்தைக் கண்டாலே ஆகாது.

ரோசா அத்தையை அவர் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் யூதர்களை ஏற்றிப்போன ரயிலில் போனவள் திரும்பவில்லை. ஒரு பண்ணை வீட்டுப் பரணில் ஒளிந்து பிழைத்த அவளுடைய தம்பிதான் பெனோவின் அப்பா. அக்காவைப் பற்றிக் கேட்டால் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "அவளுக்கு இருந்தது வாயாடா? கத்தி!"

அவள் விட்டுப்போன நாட்குறிப்பு புத்தகமாக வந்தது. ஆற்றங்கரைப் பழைய பள்ளிக்கூடத்தில் மையமும் முளைத்தது. எதற்கெடுத்தாலும் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விடும் கூட்டம் அது. அத்தனை தடிப் புத்தகத்தில் அவர்கள் கண்ணில் பட்டது ஆப்பிள் பூவும் வானமும் வரும் நாலு வரிதான். அதைக் காப்பிக் கோப்பையில் அச்சடித்து விற்றார்கள். 'ரோசாவோடு மூச்சுப் பயிற்சி' என்று வகுப்பு வேறு.

"அவ மூச்ச நிறுத்துனவனப் பத்தி அங்க ஒருத்தனும் மூச்சு விடமாட்டான்" என்பார் பெனோ.

ஒரு வருஷம், போரில் மாண்டவர்களின் நினைவு நாளுக்கு முன்பு மையத்தின் தலைவி மார்யோலைன் கடைக்கே வந்தாள்.

"மிஸ்டர் வைல், குடும்பத்துல மிச்சம் நீங்க ஒருத்தர்தான். கூட்டத்துல அவங்க நாட்குறிப்புலேர்ந்து ஒரு பக்கம் வாசிச்சாப் போதும். நாங்களே குறிச்சு வச்சிருக்கோம்."

"ஆப்பிள் பூவா?"

"அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க!"

"உங்களுக்கு வேற என்ன தெரியும்?"

அவள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள்.

"போய் வாசிச்சிட்டு வா. சண்டை கிண்டை போட்டு வைக்காத" என்றாள் மனைவி தீனி.

மண்டபம் நிரம்பியிருந்தது. பெனோ மேடையேறி, குறித்துவைத்த பக்கத்தைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்து வாசித்தார்.

"இன்று பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். நான் போனபின் திரைச்சீலைகள் வீணாகுமே என்று அவளுக்குக் கவலை. அழுதுகொண்டே ஜன்னலை அளந்தாள். அழுததில் அளவு தப்பிப்போய் மறுபடி அளந்தாள். நாங்கள் ஒழிந்தபின் இவர்கள் எங்களுக்காக அழகாக உருகுவார்கள். தயவுசெய்து அந்தக் கண்ணீரை என்மேல் ஊற்றாதீர்கள். எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

பெனோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பா சொன்ன கத்தி இதுதான். நிமிர்ந்து பார்த்தார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கைக்குட்டைகள் வெளியே வந்திருந்தன.

மார்யோலைன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "அடடா, எப்படி மன்னிச்சிருக்காங்க!"

"மன்னிச்சாளா? உங்களத்தாம்மா திட்டுறா!"

"ஆமா, நம்ம எல்லார் மனசையும் தொடுறாங்க" என்று அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

செருப்பால் அடித்தாலும் செருப்பின் வேலைப்பாட்டைப் புகழும் கூட்டத்திடம் என்ன பேசுவது? பெனோ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

இலையுதிர்காலத்தில் மையம் கருத்தரங்கு நடத்தியது. தலைப்பு: 'திரைச்சீலையும் கருணையும்'. பெனோவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அது காலியாகவே கிடந்தது. அன்றைக்கு அவர் சமையலறையில் உட்கார்ந்து, தீனி உருளைக்கிழங்கு உரிக்க உரிக்க, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். யூத மதகுருவான ரபியையும் தையல்காரனையும் தன் காதலனையும் அத்தை வரிசையாகக் கிழித்துக்கொண்டே போனாள்.

"யம்மாடி, என்னா வாயி!" என்று தீனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்க வீட்டு வாய்டி" என்றார் பெனோ.