பெருக்கி வைத்த மணல்

இன்று லிஃப்டில் யாரோ கருவாட்டுப் பையோடு ஏறினார்கள். அந்த வாடையில், இந்த அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன் எண்ணூரில் எங்கள் குப்பத்தின் ஓரமாகக் கிடந்த மணல்திடல் திரும்பி வந்தது. ஈர வலைகள் நீலமும் பச்சையுமாக விரிந்து கிடக்க, ஆண்கள் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப்பிடித்து அறுந்த கண்ணிகளைத் தைக்க, பெண்கள் காய்கிற நெத்திலியைப் புரட்டிக்கொண்டே காக்கையை விரட்ட, அனல்மின் நிலையத்துச் சாம்பல் எல்லார் தலையிலும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஊருக்கே பொது என்பதால் அங்கே யாரும் ஒரு குடிசைகூடப் போட்டதில்லை.

வீடு கட்ட இடம் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் அப்பா பதறிப்போனார்.

"பெரிய மன்ஷங்க வராங்கோ, இப்டியா கலீஜா வெச்சிக்கினு கீறது? எல்லாத்தையும் சுருட்டுங்கடா!"

விருந்தாளி வரும் வீட்டைப்போல ஊரே கூடி வலைகளைத் தூக்கி மறைத்தது, மீன் செதில்களைப் பெருக்கியது. வந்தவர்கள் வெறும் மணலைச் சுற்றிப் பார்த்து, நாங்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

யாரும் பயன்படுத்தாத காலி நிலம், குடியிருப்புக்கு ஏற்றது என்று முடிவானது. அதைச் சொல்ல வந்தவரிடம் அப்பா சண்டைகூடப் போடவில்லை. மணலையே பார்த்துக்கொண்டு, "நாமதான பெருக்கிக் குடுத்தோம்" என்றார்.

இப்போது அதே மணலுக்கு மேலே, நான்காம் மாடியில், என்னோடு இருக்கிறார். யாராவது வருகிறார்கள் என்று நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"வுடு. கெடக்கட்டும்."