இரண்டு மணி என்றால் இரண்டு மணி

டெக்சாஸின் பிளானோ ஊரில் நான் சமையல் வேலை பார்த்த உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் திங்கட்கிழமை சாயங்காலம்தான் நடக்கும். தொண்ணூறுகளின் பின்பாதியில், ஒரு செப்டம்பர் மாதம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உணவகத்தின் சமையல்கட்டுக்குள் நின்றுவிட்டால் யாரோடும் இங்கிலீஷ் பேச வேண்டியதில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. தமிழிலேயே அதிகம் பேசாத ஆள் நான்.

மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. மனைவியின் தம்பி இங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவன் ஒரு பழைய பச்சை ஜீப் வாங்கியிருந்தான். அக்டோபரில் வரும் நீண்ட வார இறுதியில், தார் ரோடு இல்லாத பாதையில் போய் இரண்டு இரவு தங்கிவிட்டுத் திங்கட்கிழமை மத்தியானம் வெளியே வருவது என்று அவன் சொன்னதும் மகள் பிடித்துக்கொண்டாள். ஒற்றை வண்டியாகப் போகக்கூடாது என்று அவளே சொன்னாள். மச்சினனின் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் வெள்ளை டிரக்கோடு சேர்ந்துகொண்டார். எனக்கும் மனைவிக்கும் சனி, ஞாயிறு வேலை. போக முடியாது.

பயணத்துக்குத் தலைவன் மச்சினன் என்று பெயர். திட்டம் போட்டதெல்லாம் மகள்தான்.

"ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு, ஒன் கேலன் தண்ணி. குடிக்க மட்டும், மாமா."

"அவ்வளவு தண்ணிய ஏத்துனா புளியோதரைய எங்க வைக்க?"

"புளியோதரை இல்லேன்னா யாரும் டை பண்ண மாட்டாங்க."

"உங்க அப்பா செய்யுற புளியோதரை இல்லேன்னா நான் செத்துருவேன்."

வண்டிக்கு இரண்டு மாற்று டயர், இழுக்கக் கயிறு, மண்வெட்டி, கேனில் பெட்ரோல். மணலில் இறங்கும்முன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைக்க வேண்டும். இருட்டில் ஓட்டக்கூடாது. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகக்கூடாது. வறண்ட ஓடையில் தண்ணீர் ஓடினால் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்கக்கூடாது. வற்றும்வரை காத்திருக்க வேண்டும். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேருமாம். அவள் சொல்லச் சொல்ல நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை. ஆனால் அவள் முகம் தெளிவாக இருந்தது.

கடைசியாக ஒன்று சொன்னாள். இங்கே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எந்தப் பாதை, எப்போது வெளியே வருவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குள் போன் வராவிட்டால் அவர் அந்தப் பாலைவனத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலர்களின் ரேஞ்சர் ஆபீஸைக் கூப்பிட வேண்டும். பாலைவனத்தில் செல்போன் எடுக்காது.

"அது அப்பா," என்றாள்.

மச்சினன் சிரித்துவிட்டான். கேலிக்கு இல்லை, ஆச்சரியத்தில். "அத்தானா? பீட்சா ஆர்டர் பண்ணவே என்னையத்தான் கூப்பிடுவாவ."

நானும் தலையாட்டினேன். "அம்மாகிட்ட சொல்லு தாயி. என்னால ஆகாது."

"அம்மா வார்டுல இருப்பாங்க. மாமாவோட ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா, வெயிட் பண்ணலாம், வந்துருவாங்கன்னு சொல்வாங்க. நீங்கதான் பயப்படுவீங்க, அப்பா. ஐ நீட் சம்ஒன் ஹூ வொரீஸ்."

பயப்படுவதை ஒரு தகுதியாக யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

மச்சினன் வரைபடத்தின் ஓரத்தைத் தட்டினான். "சரி. ரெண்டு மணிக்குள்ள போன் பண்ணிருதோம்னு வச்சிக்கிடுங்க, அத்தான்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "எந்த ரெண்டு மணி?"

"எந்த ரெண்டு மணின்னா?"

"பிறந்தநாளுக்கு ஆறு மணின்னு கூப்பிடுதோம். எட்டு மணிக்குத்தான் எல்லாரும் வாராங்க. கேக் வெட்ட ஒம்பது ஆவுது. உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் சொன்ன நேரத்துக்கு வந்தேன், நீ குளிச்சிட்டு இருந்த. நம்மாளுங்க சொல்லுத நேரத்த வச்சு, லேட்டா வாராங்களா, தொலைஞ்சுட்டாங்களான்னு எப்படிப்பா கண்டுபிடிக்க?"

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப அஞ்சு மணின்னு வச்சிருவோம், சேஃபா," என்றான் மச்சினன்.

"நோ, மாமா. அஞ்சுக்கு கால் பண்ணா, அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள டார்க் ஆயிடும். நூனுக்கு வெளிய வந்துருவோம். டூ இஸ் த லிமிட். நிஜ டூ."

"பசிக்குன்னு கடையில நிக்கக்கூடாது," என்றேன். "முதல்ல போன். அப்புறம் சாப்பாடு. ரெண்டு ஆயிட்டுன்னா நான் கூப்பிட்டுருவேன், மாப்ளே. அப்புறம் என்னைய வையாத."

சொல்லிவிட்டேனே தவிர, அதன்பின் எனக்குத் தூக்கம் குறைந்தது. ஒத்திகைக்காக மகள் பக்கத்து அறையில் உட்கார்ந்து ரேஞ்சர் மாதிரிப் பேசுவாள். நான் இந்தப் பக்கம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்த இங்கிலீஷைப் படிப்பேன். முதல் தடவை என் பெயரைச் சொன்னதும் அடுத்த வரியைத் தவறவிட்டேன். "மெதுவா, அப்பா. அவங்க வெயிட் பண்ணுவாங்க," என்பாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அவர்கள் வெளியே வர வேண்டிய அந்தத் திங்கட்கிழமை பிளானோவில் நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கெல்லாம் போனுக்கு அருகில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரைக்கு மணி அடித்தது. மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து.

"வந்துட்டாங்களா?"

"இல்ல."

"என் தம்பி என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தான்? நாலு மணி வரைக்கும் பாருங்க. போலீசு கீலீசுன்னு கூப்பிட்டு வச்சிராதீங்க, நாலு பேரு சிரிக்க."

"ரெண்டுக்குக் கூப்பிடுதேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "அப்ப சரி. போன வைங்க. அவங்க கூப்பிட்டா லைன் கிடைக்கணும்லா," என்றாள்.

இரண்டு ஆனது. மனைவி சொன்னது சரியாக இருந்தால் நான் ஒரு கோமாளி. தப்பாக இருந்தால், அதை நினைக்கவே முடியவில்லை. ரேஞ்சர் ஆபீஸின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

ஒரு பெண் எடுத்தார். நான் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். மகள் பாலைவனத்தில் இன்ன பாதையில் போயிருக்கிறாள், இரண்டு மணிக்குப் போன் வரவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது. காகிதத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பெண் மேலும் கேட்டார். எத்தனை வண்டி, என்ன நிறம், எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு. ஒரு கேள்வி புரியவில்லை. புரியவில்லை என்றேன். வேறு வார்த்தையில் கேட்டார். க்ரீன், வொய்ட், த்ரீ பீப்பிள், மெனி வாட்டர் என்றேன். வாக்கியம் எதுவும் சரியாக இல்லை. ஆனால் அவர் திருப்பிச் சொன்னபோது எல்லாம் சரியாக இருந்தது. கூப்பிட்டது நல்லது, அந்தப் பக்கம் ஒரு வண்டியை அனுப்புகிறேன் என்றார்.

போனை வைத்தேன். சமையலறைக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்தேன், வேண்டாம் என்று வைத்துவிட்டு மறுபடியும் போனுக்கே வந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே மணி அடித்தது. ரேஞ்சரின் ஆபீஸிலிருந்து மகள்தான் பேசினாள்.

"அப்பா, வீ ஆர் ஓகே. எல்லாரும் ஓகே."

எங்கோ பெய்த மழையில், அவர்கள் வெளியே வரும் வழியில் இருந்த ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. பழுப்பு நிறத் தண்ணீர், ஆழம் தெரியவில்லை. இரண்டு வண்டியையும் மேட்டில் நிறுத்திவிட்டு வற்றுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி தாண்டியதும் மச்சினனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜீப்பை இறக்கிப் பார்க்கலாம், உயரமான வண்டிதானே, நேரத்துக்குப் போகாவிட்டால் அத்தான் தவித்துப்போவார் என்றிருக்கிறான். ஆபீஸ் நண்பரும் சரி என்றிருக்கிறார். மகள் ஜீப்பின் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாளாம்.

"மாமா கேட்டாங்க, உங்க அப்பா நிஜமா கால் பண்ணுவாரான்னு. ஹி வில் கால்னு சொன்னேன். ரெண்டு மணிக்கு வாட்ச்சப் பாத்து, நவ் ஹி இஸ் காலிங்னு சொன்னேன். அப்புறம் மாமா சாவியக் கேக்கல. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. அந்தப் பக்கம் ரேஞ்சர் வண்டி வந்துச்சு. எங்க க்ராஸ் பண்ணணும்னு அவர்தான் காட்டினார்."

மச்சினன் ரிசீவரை வாங்கினான்.

"அத்தான், கரெக்டா கூப்பிட்டுட்டீங்களே."

"சாப்பிட்டியா, மாப்ளே?"

"இன்னும் இல்ல. முதல்ல போன்னு சொல்லிட்டா உங்க மக."

வைத்துவிட்டு வார்டுக்குப் போன் செய்தேன். வேறொரு நர்ஸ் எடுத்தார். காகிதம் எதுவும் கையில் இல்லை. என் மனைவியிடம் பேச வேண்டும், நல்ல செய்தி என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒரு நிமிடம் இருங்கள் என்றார். இருந்தேன்.