கடமான் மண்டையோடும் கைக்குழந்தையும்

வனவிலங்கு ஆய்வுக்காக, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் சாமைக் காட்டோரம் கிடந்த கடமான் மண்டையோட்டை அளந்துகொண்டிருந்தேன். அதைக் கண்டு தகவல் சொன்ன பெண், இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னாத்த அளக்குறீங்க?"

"ரெண்டு கண்குழியும் ஒரே அளவு இல்லைம்மா. மான் கூட்டம் சிறுத்து, சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தா இப்படிக் கோணலாகும்" என்றேன், பெரிய மேதாவி போல.

அவள் முகம் வெளிறியது. குழந்தையை என் முன்னால் நீட்டினாள்.

"நான் எங்கம்மா தம்பியத்தான் கட்டிக்கினேன். இத்தையும் அளந்து சொல்லுங்க."

ஒரே ஒரு மண்டையோட்டை வைத்து மானைப் பற்றியே முடிவு சொல்ல முடியாது. அது தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. அளவுகோலைப் பைக்குள் திணித்தேன்.

"குழந்தை நல்லாத்தான் இருக்கும்மா."

"அளக்கவே இல்லியே" என்றாள்.

நான் ஜீப்பில் ஏறிவிட்டேன். அவள் இன்னமும் அந்தக் குழந்தையின் கண்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்ற பயம் என்னை விடவில்லை.